துருசு படிந்த கை

வண்டன்மேடு
19 ஜூலை 1974

சேசு மரி சூசை துணை

இருதயத்துக்கு,

அப்பாவை அடக்கம் செய்தாயிற்று. நீ வரவில்லை. உன் தந்தி வந்தது. அதைக் கொண்டுவந்த தபால்காரர், துக்க வீடு என்பதால் ஆறுதல் சொல்லித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்து எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துவிட்டார். 'போத்தலைப் புதைக்க வேண்டாம். அனுப்பி வை.' அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வராதவள் அப்பாவின் குடலைக் கேட்கிறாய். சரி, உனக்குப் படிப்பு இருக்கிறது, காரணமும் இருக்கும். அனுப்பிவிட்டேன். ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போகிற சுருளிவேல் லாரியில் கொண்டுவந்து கொடுப்பார். அவரிடம் ஊறுகாய்ப் போத்தல் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஏற்றமாட்டார்.

கம்பத்தில் ஆபரேஷன் முடிந்து அப்பா கண் விழித்தார். பேசவும் பேசினார். மறுநாள் போய்விட்டார். அந்த டாக்டர் வெட்டியெடுத்த துண்டை மருந்துத் தண்ணீரில் போட்டு என் கையில் கொடுத்து, பெரிய இடத்தில் காட்டுங்கள் என்றார். ஜீப்பில் மலையேறும்போது அப்பா பின்னால் படுத்திருந்தார், போத்தல் என் மடியில் இருந்தது. எது அப்பா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

குளிப்பாட்டும்போது கையில் இருந்த நீலம் போகவில்லை. இத்தனை வருஷம் துருசும் சுண்ணாம்பும் கரைத்து ஏலச் செடிக்கு மருந்தாக அடித்த கை. நகக்கண்ணில் அப்படியே இருந்தது. மண்ணுக்குள்ளும் அப்படியேதான் போனது.

கடைசி நாளில் எல்லோரும் எழுந்திருக்கும்போது அப்பா குறையோடு எழுந்திருப்பாரா என்று உபதேசியாரிடம் கேட்டேன். எது எங்கே இருக்கிறதென்று கடவுளுக்குத் தெரியாதா என்றார். கடவுளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா? பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் காதில் சொல்லியிருக்கிறேன், கொஞ்ச நாள்தான், உங்களுடையது உங்களிடம் வந்துவிடும் என்று. உன் வேலை முடிந்ததும் அதை எனக்குத் திருப்பித் தர வேண்டும். இது நான் கேட்பதல்ல.

கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
2 ஆகஸ்டு 1974

அக்கா,

சுருளிவேல் அண்ணன் போத்தலை என் கையில் கொடுத்தார். ஊறுகாய் கசிகிறது போலிருக்கிறது, வாசம் ஒரு மாதிரி என்றார். அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன்.

அந்தத் தந்தியை நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அனுப்பவில்லை. கம்பத்திலிருந்து அனுப்பினேன். அப்பா போய்விட்டார் என்ற உன் முதல் தந்தி கிடைத்த அன்றே கிளம்பிவிட்டேன். கம்பத்துக்கு வந்து சேர்ந்தபோது குமுளிப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கம்பம் மெட்டு வழியும் இல்லை என்றார்கள். மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. நீங்கள் எந்த நேரத்தில் அப்பாவைத் தூக்குகிறீர்கள் என்று தெரியாததால் அன்றைக்குக் கேட்ட ஒவ்வொரு கோயில் மணியையும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆபரேஷன் செய்த டாக்டர்தான் போத்தல் உன்னிடம் இருப்பதாகச் சொன்னார். வர முடியவில்லை என்று எழுதக் கை வரவில்லை. எழுத முடிந்ததை எழுதினேன்.

இங்கே எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை சொல்கிற டாக்டர் கந்தப்பன் குடலில் வரும் பாலிப்பு பற்றி ஆராய்கிறார். பாலிப்பு என்றால் குடலின் உள்தோலில் முளைக்கிற சிறு சதை மொட்டு. ஏலச் செடியின் அடியில் சரம் ஓடிப் பிஞ்சு கட்டுமே, அதை நினைத்துக்கொள். சிலருக்கு ஒன்றிரண்டு இருக்கும், ஒன்றும் செய்யாது. சில மொட்டு நாளாவட்டத்தில் புற்றாக மாறும். உடம்பின் சதைக்குள் மிக நுண்ணிய அளவில் தாமிரம், துத்தநாகம், இரும்பு எல்லாம் இருக்கிறது; அது கூடிப்போனால் இந்த மொட்டுகள் முளைக்கின்றனவா என்பது அவருடைய கேள்வி. துருசு என்பதே தாமிர உப்புதான்; அதை அடிக்கிற ஒருவரின் குடல் அவர் கையில் இதுவரை கிடைத்ததில்லை. அதற்காகத்தான் கேட்டேன். அப்பா எதனால் செத்தார் என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியது.

போத்தலைத் திறந்ததும் டாக்டர் துண்டைக் கண்ணாடித் தட்டில் விரித்து மொட்டுகளை எண்ணத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். அப்பாவுக்கு ஒன்றிரண்டு இல்லை. சரம் சரமாக இருந்தது. இவ்வளவு இருந்தால் இது ரத்தத்தில் வருவதாகவும் இருக்கலாம், பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு, என்றார். குடும்பத்தில் வேறு யாரும் இப்படிப் போனார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். உனக்குத் தெரியுமா?

நான் தங்கியிருக்கும் வீட்டு மருதாத்தாள் அம்மாவுக்கு என் வேலை பிடிக்கவில்லை. கொல்லைப்புறமாகத்தான் உள்ளே விடுகிறார். நேற்று, "ஏன் அம்மிணி, கண்டதையெல்லாம் தொட்டுப்போட்டு ஊட்டுக்குள்ள வர்றயே, தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டயா?" என்றார். வாத்துக்கொண்டேன் என்றேன். நேற்றுத் தொட்டது அப்பாவை என்று சொல்லவில்லை.

இருதயம்


வண்டன்மேடு
20 ஆகஸ்டு 1974

சேசு மரி சூசை துணை

இருதயத்துக்கு,

நீ கம்பம் வரை வந்தது எனக்குத் தெரியாது. முதலிலேயே எழுதியிருக்கலாம். ஒரு மாதம் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அதைத் திருப்பி எடுக்க முடியாது. வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கு: தாத்தாவைப் பற்றித் தெரியாது. அப்பாவின் கூடப்பிறந்த சின்னக்கானல் அத்தை போனது உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது கைக்குழந்தை. அவளுக்கும் அடிவயிறுதான். நாற்பது ஆகியிருக்காது. கடைசியில் எலும்பாகக் கிடந்தாள். அவள் தேயிலை கிள்ளியவள், மருந்துப் பம்பைக் கண்ணால் கண்டதில்லை. எதற்குக் கேட்கிறாய்? நம் வீட்டுக்கு ஒரு பெயர் வைக்கப்போகிறீர்களா? எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதை உன் டாக்டருக்குச் சொல்லிவை.

இங்கே இரண்டாம் மருந்தடிப்பு நடக்கிறது. அப்பா பிடித்த குழலை இப்போது உன் அத்தான் பிடிக்கிறார். பம்படிப்பது வழக்கம்போல ஏசுரத்தினம் மாமாதான். இருபது வருஷமாக அப்பா குழல் பிடிக்க, அவர் பம்படிக்க, இரண்டு பேரும் ஒரு ஆள் மாதிரி நடந்தவர்கள். இப்போது கை ஓய்கிறபோதெல்லாம் அப்பாவை நினைத்து, "மிக்கேலண்ணன் இருந்தா கேப்பாரு, 'லே, நீ பம்ப அடிக்கியா, கும்மி அடிக்கியா'ன்னு" என்று அவரே சொல்லிக்கொண்டு அடிக்கிறாராம்.

ஒன்று எழுத வேண்டும், சிரிக்காதே. சாயந்தரம் எல்லோரும் இறங்கி வந்த பிறகும் மேல்காட்டில் பம்புச் சத்தம் கேட்கிறது. எனக்கு மட்டும் இல்லை, எங்கள் லயத்து வரிசையில் மூன்று வீட்டில் கேட்கிறது. அத்தான், மழைத்தண்ணி பாறையில சொட்டுது என்கிறார். பம்பு எப்படிச் சத்தம் போடும், தண்ணீர் எப்படிச் சொட்டும் என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்று கதவு. அப்பா வேலை முடிந்து வந்ததும் காலில் ஏறின அட்டையைப் பிடுங்க இடது கையைக் கதவில் ஊன்றி நிற்பார். அந்த இடத்தில் கை அப்படியே நீலமாகப் பதிந்திருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், சுண்ணாம்பு பூசினேன். வெயிலடித்தால் போய்விடுகிறது. ஈரம் ஏறினால் ஐந்து விரலும் திரும்ப வருகிறது.

இந்த மழையில் எனக்கும் வயிறு சரியில்லை. சுக்குத் தண்ணீர் குடிக்கிறேன். கேட்டதை எப்போது தருவாய்?

கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
30 செப்டம்பர் 1974

அக்கா,

கணக்கு வந்துவிட்டது. முதலில் நல்லதைச் சொல்கிறேன். இது துருசு. ரத்தம் இல்லை.

இந்தச் சோதனையில் நாங்கள் பயப்படுவதெல்லாம் வெளியிலிருந்து ஒட்டிக்கொள்கிற உலோகத்துக்குத்தான். நாங்கள் தேடுவது அவ்வளவு சின்ன அளவு. கத்தியில் இருந்து, குழாய்த் தண்ணீரிலிருந்து, விரலில் இருந்துகூடக் கலந்துவிடும். அதனால் ஒவ்வொரு போத்தலையும் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசுவேன். சதையைக் கண்ணாடிச் சில்லால்தான் வெட்டுவோம். பிறகு உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, கோயம்புத்தூரில் மண்ணையும் இலையையும் சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போவோம். அங்கே ஒரு கருவி அந்தக் கரைசலைச் சுடரில் தூவி, எந்த உலோகம் எவ்வளவு என்று முள்ளால் காட்டும்.

அப்பாவின் முறை வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முள் ஓரத்துக்கே போய்விட்டது. கரைசலை நீர்த்து மறுபடியும் வைத்தார்கள். இதுவரை பார்த்த எவருக்கும் இல்லாத அளவு தாமிரம். அந்தச் சுடரின் ஓரம் பச்சை தட்டியதை நான் பார்த்தேன். கருவியை இயக்குகிறவர், அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, உங்களுக்குத் தோன்றியிருக்கும் என்றார். இருக்கலாம்.

மொட்டு இல்லாத நல்ல பகுதியிலும் அதே அளவு இருந்தது. உடம்பு முழுக்கவே ஊறியிருக்கிறது என்றார் டாக்டர். ரத்தத்தில் வருவதாக இருக்குமோ என்று கேட்டேன். "இவ்வளவு தாமிரம் இருக்கறப்ப வேற காரணம் எதுக்கும்மா? எதுக்கும் உங்க அக்காவ ஒருதரம் வந்து காட்டச் சொல்லுங்க. அவசரமில்லை" என்றார். நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக இல்லை. நமக்கு இல்லை என்ற நிம்மதியில். பிறகு அதற்காக வெட்கப்பட்டேன்.

அத்தானைக் குழல் பிடிக்க விடாதே. ஏசுரத்தினம் மாமாவிடமும் சொல்.

நீ கேட்டதை எப்படித் தருவதென்று தெரியவில்லை அக்கா. கரைத்தது போக மீதியில் ஒரு சிறு துண்டு மட்டும் மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது, கண்ணாடித் தகட்டில் சீவிப் பார்ப்பதற்காக. மற்றதெல்லாம் சுடரில் போய்விட்டது. எத்தனையோ கை மாறி, சரக்கு மாதிரி வந்து, சரக்கு மாதிரி போயிற்று. அதை அப்பாவாக நினைத்து யாரும் தொடவில்லை. நானும் அப்படி நினைத்திருந்தால் என் கை வேலை செய்திருக்காது. கை கழுவும் தொட்டியில் நீலத் துளி ஒன்று கிடந்தாலும் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

இருதயம்


வண்டன்மேடு
11 ஜனவரி 1975

சேசு மரி சூசை துணை

இருதயத்துக்கு,

காய்ப் பறிப்பு நேரம், அதனால் தாமதம். உன் அத்தான் குழலைக் கீழே வைத்துவிட்டார். இப்போது பெண்களோடு களை வெட்டுகிறார். "உன் தங்கச்சி என்னையப் பொம்பளையாக்கிட்டா" என்று சிரிக்கிறார். கூலி குறைந்ததைச் சொல்வதில்லை. இன்னும் இரண்டு பேர் அவரோடு நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர் சோலை நம் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டார்: "டாக்டர் தங்கச்சி சொன்னாப்ல, மருந்து பாவமாம்ல. ஏலம் அழுவிப் போச்சுன்னா அவ வந்து ஒட்ட வைப்பாளா?" நான், அழுகினால் மறு வருஷம் முளைக்கும், அப்பா முளைக்க மாட்டார் என்றேன். ஏசுரத்தினம் மாமா மட்டும் நிற்கவில்லை. கிழவனுக்கு வேறு என்ன தெரியும் என்கிறார்.

அப்பாவை யாரும் அப்பாவாக நினைத்துத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். நீ நினைப்பதுபோல அது சரக்காக வரவில்லை. நான் சும்மா கொடுத்தனுப்பவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் அப்பா உடம்பைக் குளிப்பாட்டினோம். போத்தலில் இருப்பதும் அவர் உடம்புதானே? அதை மட்டும் கழுவாமல் அந்த நாற்ற மருந்திலேயே எப்படி அனுப்புவது? உபதேசியாரிடம் கேட்டுக் கோயில் தீர்த்தச் சட்டியை வாங்கி வந்தேன், புளி போட்டுத் துலக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய செப்புச் சட்டி. உப்பு மந்திரித்துப் போட்ட தீர்த்தத்தை ஊற்றி என் கையாலேயே கழுவினேன். பிறகு புதுத் தீர்த்தம் விட்டு, வெள்ளைத்துணி போட்டு மூடி, அப்பா தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். விடியும்வரை இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று. காலையில் துணியை எடுத்துப் பார்த்தபோது தண்ணீர் லேசாக நீலமாக இருந்தது. அப்பா உடம்பிலிருந்த துருசு தீர்த்தத்தில் இறங்கிவிட்டது என்று லயத்துப் பெண்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார்கள். எனக்கும் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் பழையபடி மருந்துத் தண்ணீரை விட்டுப் போத்தலில் மூடினேன்.

அதனால் நீ தொட்டது சுத்தமாக வந்த அப்பாவை. கவலைப்படாதே.

எனக்குக் கொஞ்ச நாளாக ரத்தம் போகிறது. மூல வியாதி என்று சொல்லி எஸ்டேட் கம்பவுண்டர் களிம்பு கொடுத்தார். உடம்பும் வற்றிவிட்டது. அப்பா என் மேல் இறங்கியிருக்கிறார் என்கிறார்கள். நான் பம்பைத் தொட்டவளில்லை, துருசு எனக்கு எப்படி வரும்? அதனால் பயமில்லை. பறிப்பு முடிந்ததும் சரியாகிவிடும்.

கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
17 ஜனவரி 1975

அக்கா,

இதைக் கண்டதும் கிளம்பி வா. பறிப்பு முடியட்டும் என்று இருக்காதே.

எப்படி எழுதினாலும் உனக்கு வலிக்கும், அதனால் நேராக எழுதுகிறேன். தண்ணீரில் இறங்கிய நீலம் அப்பாவிடமிருந்து வந்ததில்லை. செப்புச் சட்டியிலிருந்து வந்தது. உப்புத் தண்ணீர் செம்பில் நின்றால் தாமிரம் கரையும். சதையில் ஊறியிருந்த மருந்தும் சேர்ந்துகொண்டிருக்கும். இரவெல்லாம் அப்பாவின் குடல் அதைக் குடித்திருக்கிறது. கருவி காட்டியது அதைத்தான். நல்ல பகுதியிலும் அதே அளவு இருந்தது என்று எழுதினேன் அல்லவா, அதுவே எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அமிலத்தில் அலசிய போத்தல், கண்ணாடிச் சில் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அதற்குப் பிறகு.

உன் கடிதத்தை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து அப்பாவின் கணக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். பிறகு, "உங்க அக்காவுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

துருசு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்ததா இல்லையா என்று இனி அப்பாவிடமிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அப்பாவுக்குச் சரம் சரமாக இருந்தது. பம்பையே பார்க்காத அத்தை அடிவயிற்றால் செத்தாள். இப்போது உனக்கு ரத்தம் போகிறது.

அது மூல வியாதியாகவே இருக்கட்டும். வந்து பார்த்துவிட்டுப் போ.

இருதயம்


வண்டன்மேடு
3 பிப்ரவரி 1975

சேசு மரி சூசை துணை

இருதயத்துக்கு,

அப்பாவைக் கழுவினது தப்பு என்கிறாய்.

ஒரு மாதிரி சிரிப்பாகவும் இருக்கிறது. அத்தானிடம் சொன்னேன். களைக்கொத்தைச் சுவரில் சாத்தி வைத்தார். "அப்ப நா மறுபடி பம்புக்குப் போவலாமா?" என்றார். கோபமே இல்லை. அடுத்த வாரம் போய் சோலையிடம் நின்று குழலை வாங்கிக்கொண்டார். கூலி குறைந்து களை வெட்டிய மாதங்களுக்கு யாரும் அவரிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வரவில்லை. உன் ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை டாக்டர் முன்னால் அப்படிப் படுக்க என்னால் ஆகாது. ஒருநாள் துருசு என்கிறாய், ஒருநாள் ரத்தம் என்கிறாய். நாளைக்கு இன்னொன்று சொல்வாய். அத்தைக்கு வந்தது எனக்கு வரவேண்டுமென்றால் வரட்டும். லூர்துமேரி பெரியவளாகிற வயசு. நான் அங்கே வந்து படுத்தேன் என்றால், அந்தக் குடும்பத்து ரத்தமே சரியில்லை என்று நாலு லயத்துக்கும் போகும். அவளை யார் எடுப்பார்கள்?

பம்புச் சத்தம் இப்போது பகலிலும் கேட்கிறது. அப்பா கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். காதில் சொன்னதை நான் இன்னும் செய்யவில்லையே. கழுவினதும் தப்பு, அனுப்பினதும் தப்பு என்றால், அந்த மெழுகுத் துண்டையாவது சுருளிவேலிடம் கொடுத்தனுப்பு. அதற்குமேல் உன்னிடம் நான் எதையும் கேட்கமாட்டேன்.

கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
10 பிப்ரவரி 1975

அக்கா,

கழுவினது தப்பு என்று நான் எழுதவில்லை. எழுதமாட்டேன். இந்த விஷயத்தில் அப்பாவிடம் அன்பாக நடந்துகொண்டது நீ ஒருத்திதான். அந்த அன்பு எங்கள் கணக்கைக் கெடுத்துவிட்டது, அவ்வளவுதான். கணக்கு கெட்டது எனக்குப் போகட்டும். அதனால் நீ போய்விடக் கூடாது.

ஆண்பிள்ளை டாக்டர் முன்னால் என்று எழுதியிருந்தாய். போன வியாழக்கிழமை நான் படுத்தேன். தினமும் எனக்கு வேலை சொல்கிற அதே டாக்டர் முன்னால். நர்ஸ் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நீண்ட குழாயை உள்ளே விட்டு விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். அசிங்கமாகத்தான் இருக்கிறது. அழுதேன். பிறகு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மருதாத்தாள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன்வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கு இருக்கிறது அக்கா. சின்னவை, பிஞ்சு. நிறைய. இன்னும் எதுவும் மாறவில்லை, நேரம் இருக்கிறது என்கிறார்.

நான் பிறந்ததிலிருந்து உன் உடுப்பைத்தான் போட்டு வளர்ந்தேன். இதையும் உன்னிடமிருந்து வாங்கியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். உன்னைவிட்டு நான் மட்டும் தப்புவதைப் பொறுக்கமாட்டேன். லூர்துவை யார் எடுப்பார்கள் என்று கேட்டிருந்தாய். நமக்கு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குக் காலத்தோடு பார்க்க முடியும்.

அப்பாவின் மெழுகு என் மேசை இழுப்பறையில் வெள்ளைத்துணியில் சுற்றி இருக்கிறது. அதை லாரியில் ஊறுகாய் என்று சொல்லி அனுப்பமாட்டேன். தபாலிலும் அனுப்பமாட்டேன். காதில் சொன்னது நீ. நீ வந்து வாங்கிக்கொண்டு போ.

இருதயம்


வண்டன்மேடு
3 நவம்பர் 1975

சேசு மரி சூசை துணை

இருதயத்துக்கு,

நேற்றுக் கல்லறைத் திருநாள். மெழுகை அப்பாவிடம் சேர்த்துவிட்டேன். உன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வந்ததும் செய்திருக்கலாம். குனிந்து மண் தோண்டுகிற அளவுக்கு வயிற்றுத் தையல் ஆறட்டும் என்று இருந்தேன். அத்தான் தோண்டுகிறேன் என்றார், விடவில்லை. லூர்துமேரி அதை மெழுகுவத்தித் துண்டு என்று நினைத்துப் பற்றவைக்கக் கேட்டாள். தாத்தா என்றேன். கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவளே வாங்கி உள்ளே வைத்தாள். கழுவவில்லை. தீர்த்தமும் தெளிக்கவில்லை. உன்னிடமிருந்து எப்படி வந்ததோ அப்படியே.

உன்னிடம் இருந்தபோது கேட்க முடியாததை இப்போது கேட்கிறேன். என்னிடமிருந்து எடுத்ததை அன்றைக்கு நீதானே போத்தலில் கொண்டுபோனாய்? மயக்கம் தெளிகிறபோது உன் முதுகு தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் வைத்திருப்பாய் என்று நினைத்தேன். நிற்காமல் போய்விட்டாய். அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது, சரியாகத்தான் செய்தாய் என்று இருக்கிறது. ஒரு மொட்டு மாறத் தொடங்கியிருந்தது என்று டாக்டர் அத்தானிடம் சொன்னாராம். அத்தான் அதைப் பஸ்ஸில் வரும்போது வாளையாறு தாண்டித்தான் சொன்னார். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் என்று தொடங்கினவர், எழுந்து பஸ் ஜன்னலை இறக்கிவிட்டார்.

கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன். குடல் குறைந்துபோனதால் ஒரு நாளைக்குப் பல தடவை வெளியே போக வேண்டியிருக்கிறது, லயத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேசுகிறார்கள். பேசட்டும். உன் முறைக்குத் தேதி வைத்ததும் எழுது. தை பிறந்தால் நான் வந்து உன் பக்கத்தில் இருப்பேன். மருதாத்தாள் அம்மாவிடம் எனக்கும் முன்வாசல் உண்டா என்று கேட்டுவை.

இப்போது ஒரு காரியம். ஏசுரத்தினம் மாமாவுக்கு ரத்தம் போகிறது. கம்பவுண்டர் அதே களிம்பைக் கொடுத்தார். நான் வீட்டுக்குப் போய், களிம்பைத் தூக்கிப் போடுங்கள் என்று சண்டை போட்டேன். "ஏ புள்ள, பம்படிக்க நாதியில்லாமத்தான் மிக்கேலண்ணன் கூப்பிடுதாரு, போயிட்டு வாரேன்" என்றார். அவர் மகன் சம்மதித்துவிட்டான். இந்த மாதக் கடைசியில் கம்பத்தில் ஆபரேஷன்.

மாமா நம் ரத்தம் இல்லை. ஆனால் அப்பா குடித்த துருசை எல்லாம் குடித்தவர். உன் டாக்டர் கோடு போட்ட கணக்கை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உன் அத்தான் இன்னும் குழல் பிடிக்கிறார் அல்லவா. அதனால் அமிலத்தில் ஊறவைத்து, நீ உன் கையால் அலசிய போத்தல் ஒன்றைச் சுருளிவேலிடம் கொடுத்தனுப்பு. மாமாவிடமிருந்து எடுக்கிறதை அதில்தான் போடுவார்கள். அது லாரி ஏறுகிறவரை யாரும் மூடியைத் திறக்காமல் நான் பக்கத்திலேயே இருப்பேன். மாமா மனைவி கழுவ வேண்டும் என்று அழுவாள். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மேல்காட்டில் பம்புச் சத்தம் நேற்றிலிருந்து கேட்கவில்லை. ஒருவேளை நான் கேட்பதை விட்டிருக்கலாம். கதவில் கை மட்டும் இருக்கிறது, இந்த மழைக்கு இன்னும் நன்றாகத் தெளிந்து வந்திருக்கிறது. இனி அதைத் துடைக்கப்போவதில்லை. வெளியே போய்விட்டு வரும்போது சில சமயம் தலை சுற்றுகிறது. அப்போது அதன்மேல்தான் கை ஊன்றி நிற்கிறேன். உயரம் எனக்குச் சரியாக இருக்கிறது.

கத்தரீனாள்